4,393 பேருக்கு ஒரு நகராட்சி: மாத்தேரானில் யார் எதை முடிவு செய்கிறார்கள்?

விக்ரோலியில் ஸ்லோ லோக்கல் பிடித்து, தாணேயில் கர்ஜத் வண்டிக்கு மாறினால் நேரல் வந்துவிடும். அங்கிருந்து ஷேர் டாக்ஸியில் மலை ஏறினால் தஸ்தூரி நாக்கா. அதோடு சரி. அதுக்கு மேல காரும் போகாது, பைக்கும் போகாது. நடக்கணும், இல்லைன்னா குதிரை, குட்டி ரயில், ரிக்‌ஷா.

மழைக்காலம் வந்தாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் "மாத்தேரான் போலாமா?" என்ற கேள்வி வரும். மும்பையில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு அது ஒரு வீக்எண்ட் ஊர், அவ்வளவுதான். ஆனால் அது ஒரு தனி நகராட்சியும்கூட. இந்தியாவிலேயே மிகச் சிறிய நகராட்சிகளில் ஒன்று. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஊரைப் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவை ஆறு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு.

இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் நகராட்சி? அங்கே ஏன் கார் கிடையாது? மலைச்சரிவில் இருக்கும் கிராமங்களுக்கு இதில் என்ன பங்கு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாத்தேரானில் 4,393 பேர். 2001-இல் 5,139 பேர் இருந்தார்கள்.
• நகராட்சியின் பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றியுள்ள சூழலியல் பாதுகாப்பு மண்டலம் 214.73 சதுர கிலோமீட்டர்.
• சரிவில் இருக்கும் ஆதிவாசி வாடிகள் மாத்தேரான் பொருளாதாரத்தில் உண்டு, மாத்தேரான் நகராட்சியில் கிடையாது.
• உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த வாடிகளின் பெண்களுக்கும் ஒரு கதவைத் திறந்திருக்கிறது.

மாத்தேரான் எவ்வளவு பெரிய ஊர்?

ராய்கட் மாவட்டம், கர்ஜத் தாலுகா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் ஒரு சமதளம். மேலே செம்மண், சுற்றிலும் அடர்ந்த காடு, விளிம்பில் செங்குத்துப் பாறை. மராத்தியில் 'மாத்தா' என்றால் தலை அல்லது நெற்றி, 'ரான்' என்றால் காடு. மலையின் தலையில் இருக்கும் காடு என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.

4,393 பேர் என்றால் எவ்வளவு என்று விக்ரோலி கணக்கில் பாருங்க. விக்ரோலி, பாண்டுப், பவாய் எல்லாம் அடங்கிய மும்பை மாநகராட்சியின் எஸ் வார்டில் 2011-இல் 7 லட்சத்துக்கும் மேல் மக்கள். மும்பை முழுவதும் 1.24 கோடி பேருக்கு 227 கவுன்சிலர்கள். அதாவது ஒரு கவுன்சிலருக்குச் சராசரியாக 54,800 பேர். மாத்தேரானில் ஒரு கவுன்சிலருக்குச் சில நூறு பேர்தான். கன்னம்வார் நகரில் ஒரு சில கட்டடங்களில் இருக்கும் கூட்டம் அது.

இன்னொரு எண்ணையும் கவனிக்கணும். 2001-க்கும் 2011-க்கும் இடையில் மும்பையைச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் வீங்கின. மாத்தேரான் மட்டும் 746 பேரை இழந்தது. 14.5 சதவீதச் சரிவு. சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி வழியும் ஊரில், நிரந்தரமாக வாழ்பவர்கள் குறைந்துகொண்டிருந்தார்கள்.

இவ்வளவு சின்ன ஊருக்கு எப்படி நகராட்சி?

இந்தியாவில் ஒரு இடம் 'நகரம்' ஆவதற்கு இரண்டு வழி. முதல் வழி, சட்டப்படி நகராட்சியோ பேரூராட்சியோ அமைப்பது. 2011-இல் இப்படி 4,041 நகரங்கள் இருந்தன. இரண்டாவது வழி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மூன்று அளவுகோல்களைத் தொடுவது: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், வேலை செய்யும் ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் இருப்பது.

இரண்டாவது வழியில் போனால் மாத்தேரான் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். ஆனால் அது முதல் வழியில் வந்த ஊர். 1850 மே மாதம் அப்போதைய தாணே கலெக்டர் ஹ்யூ பாயின்ட்ஸ் மாலெட் இந்த மலையில் ஏறினார். அடுத்த ஆண்டே மேலே வீடு கட்டிக்கொண்டார். பம்பாயின் வெயிலுக்குத் தப்பி வந்த பிரிட்டிஷ்காரர்களும், பின்னால் பார்சி, போரா, குஜராத்தி வணிகர்களும் பங்களாக்கள் கட்டினார்கள். அந்தப் பங்களா ஊருக்கான நிர்வாகம்தான் இன்றைக்கும் தொடர்கிறது. அதன் அதிகாரபூர்வ மராத்திப் பெயரில் 'கிரிஸ்தான் நகர் பரிஷத்' என்று இருக்கும். மலைவாசஸ்தல நகராட்சி என்று அர்த்தம். மகாபலேஷ்வருக்கும் பஞ்ச்கனிக்கும் இதே பட்டம்தான்.

இத்தாலியில் இதே மாதிரி ஓர் ஊர்

சின்ன நகராட்சி என்பது நமக்குத்தான் விநோதம். இத்தாலியில் அதுதான் வழக்கம். அங்கே உள்ளாட்சியின் அடிப்படை அலகு 'கொமூனே'. நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 7,900 கொமூனேக்கள். அவற்றில் 70 சதவீதம் 5,000 பேருக்கும் குறைவானவை.

வடக்கு இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் ஆவோஸ்தா பள்ளத்தாக்கு என்று ஒரு பிராந்தியம் இருக்கிறது. மொத்த மக்கள்தொகை சுமார் 1.2 லட்சம். அதற்கு 74 கொமூனேக்கள். அதில் ஒன்று ஷமுவா. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், சுமார் 100 பேர். மாத்தேரான் அதைவிட 40 மடங்கு பெரிய ஊர்!

ஷமுவாவை இங்கே இழுத்து வரக் காரணம் இருக்கிறது. அங்கேயும் காரில் போக முடியாது. பள்ளத்தாக்கிலிருந்து கேபிள் காரில்தான் ஏறணும். 1965-இல் சாலை போடலாமா என்று ஊர்மக்களிடமே கேட்டபோது, வேண்டாம் என்று வாக்களித்தார்கள். இன்றைக்கு அந்த 'கார் இல்லாத ஊர்' என்ற அடையாளமே அதன் சுற்றுலா.

ஷமுவா கொமூனே என்பது ஒரே ஊர் அல்ல. மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் சில குக்கிராமங்களின் தொகுப்பு. இத்தாலியில் இவற்றை 'ஃப்ராத்சியோனே' என்பார்கள். ஒரு ஃப்ராத்சியோனேயில் பத்து பேர்தான் இருந்தாலும், அவர்கள் அதே மேயருக்குத்தான் வாக்களிக்கிறார்கள். அதே பட்ஜெட்டில்தான் அவர்களுடைய பாதைக்கும் விளக்குக்கும் பணம் ஒதுக்கணும். 3,000 பேர் வரை உள்ள கொமூனேவுக்கு மேயரும் 10 கவுன்சிலர்களும் இருக்கலாம். தனியாகச் சமாளிக்க முடியாத சேவைகளுக்குப் பக்கத்து கொமூனேக்களோடு சேர்ந்து ஒரு கூட்டமைப்பு. ஷமுவா இருக்கும் கூட்டமைப்பின் பெயர் மோன் செர்வன். மாட்டர்ஹார்ன் சிகரத்தின் பிரெஞ்சுப் பெயர் அது.

அங்கே எல்லாம் நன்றாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மலை ஊர்களிலிருந்து இளைஞர்கள் வெளியேறுவது இத்தாலிக்கு நாள்பட்ட நோய். அதனால்தான் 2017-இல் சிறு கொமூனேக்களுக்கென்றே தனிச் சட்டம் (எண் 158) போட்டு, 2023 வரைக்கும் 10 கோடி யூரோ ஒதுக்கினார்கள். 7,900 கொமூனேக்கள் இருக்கும் நாட்டில் அது பெரிய தொகை இல்லை என்ற விமர்சனமும் சேர்ந்தே வந்தது.

நமக்கு வேண்டிய பாடம் பணத்தில் இல்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறது. ஷமுவாவில் கோடு கிராமங்களையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. மாத்தேரானில் கோடு சமதளத்தின் விளிம்போடு நின்றுவிடுகிறது.

மாத்தேரானில் ஏன் கார் கிடையாது?

மோட்டார் வண்டி பரவலாவதற்கு முன்பே உருவான ஊர் அது. மேலே போக 1907-இல் ரயில் வந்தது. சர் ஆதம்ஜி பீர்பாய் என்ற பம்பாய்த் தொழிலதிபரின் குடும்பம் சொந்தக் காசில் போட்ட பாதை. நேரலிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர், தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டே அடி அகலம். ஜும்மாபட்டி, வாட்டர் பைப், அமன் லாட்ஜ் என்று நின்று நின்று மலையைச் சுற்றிக்கொண்டு ஏறும்.

பிறகு வந்ததுதான் சட்டப் பாதுகாப்பு. 2003 பிப்ரவரி 4 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாத்தேரானையும் சுற்றுப்புறத்தையும் சூழலியல் ரீதியாக எளிதில் பாதிக்கப்படும் மண்டலமாக அறிவித்தது. 214.73 சதுர கிலோமீட்டர். நகராட்சியின் பரப்பைப்போல சுமார் 30 மடங்கு. நகராட்சி எல்லைக்குள் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி தவிர மோட்டார் வாகனம் கூடாது என்பது இந்தப் பாதுகாப்பின் மையம். விதிகளைக் கண்காணிக்க ஒரு கண்காணிப்புக் குழுவும் உண்டு.

காரணம் வெறும் அழகு இல்லை. செம்மண் மழையில் எளிதில் கரைந்து ஓடும். மரத்தை வெட்டிச் சாலையை அகலப்படுத்தினால் மண் நிற்காது. 2005 ஜூலை 26 அன்று மும்பையை மூழ்கடித்த அதே மழை மாத்தேரான் ரயில் பாதையையும் அடித்துக்கொண்டு போனது. பாதையைச் சீரமைத்து மறுபடி ரயில் ஓட 2007 மார்ச் ஆகிவிட்டது. இப்போதும் நேரலுக்கும் அமன் லாட்ஜுக்கும் இடையே மழைக்காலத்தில் ரயில் ஓடாது. மேலே அமன் லாட்ஜுக்கும் மாத்தேரானுக்கும் நடுவில் ஷட்டில் மட்டும் ஓடும்.

அப்போ சுமையை யார் தூக்குறாங்க?

கார் இல்லாத ஊர் என்றால் காற்று சுத்தம், சத்தம் குறைவு. நல்லதுதான். ஆனால் கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, சிமென்ட், உங்க ட்ராலி பேக், நடக்க முடியாத பாட்டி... இவையெல்லாம் எப்படி மேலே போகும்?

குதிரை முதுகிலும் மனிதன் தோளிலும்தான்.

தஸ்தூரி நாக்காவிலிருந்து பஜார் வரைக்கும் இரண்டரை, மூன்று கிலோமீட்டர் இருக்கும். செம்மண் பாதை, ஏற்ற இறக்கம். இதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கை ரிக்‌ஷாவை இழுக்க ஒருவர் போதாது. ஒருவர் முன்னால் இழுக்க, ஒருவரோ இருவரோ பின்னால் தள்ளுவார்கள். உரிமம் பெற்ற கை ரிக்‌ஷாக்கள் 94. உரிமம் பெற்ற குதிரைகள் நானூறுக்கும் மேல்.

தமிழ்நாட்டு ஆட்களுக்கு இது பழைய கதை போலத் தோன்றும். மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 1973-இலேயே தமிழ்நாடு கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. மும்பையிலிருந்து ரெண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் அதே வேலை அரை நூற்றாண்டுக்குப் பிறகும் தொடர்ந்தது.

இதில் ஒரு சிக்கலைப் புரிஞ்சுக்கணும். மோட்டார் வாகனத் தடை காட்டைக் காப்பாற்றியது. அதே தடைதான் மனிதனை வண்டிமாடாக்கியது. இ-ரிக்‌ஷா வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் ரிக்‌ஷா இழுப்பவர்களே இருந்தார்கள். இ-ரிக்‌ஷா வந்தால் சவாரி போய்விடும் என்று குதிரைக்காரர்கள் எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏழைகள்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

வரிசையாகப் பார்ப்போம்.

2022 மே: சோதனை முறையில் இ-ரிக்‌ஷா ஓட்டிப் பார்க்க உச்ச நீதிமன்றம் அனுமதி. அந்த ஆண்டு டிசம்பரில் சில வண்டிகளோடு சோதனை ஓட்டம் தொடங்கியது.

2024 ஜனவரி: இ-ரிக்‌ஷா எண்ணிக்கை 20-ஐத் தாண்டக் கூடாது, அதுவும் ஏற்கெனவே கை ரிக்‌ஷா இழுத்தவர்களுக்கு மட்டும்தான் தர வேண்டும் என்று கட்டுப்பாடு. வெளியூர் முதலாளி யாரும் நாலு வண்டி வாங்கி விட்டுச் சம்பாதிக்கக் கூடாது என்பதே இதன் பலன்.

2025 ஆகஸ்ட் 6: அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு. கை ரிக்‌ஷா என்பது மனித கண்ணியத்துக்கு எதிரானது, ஆறு மாதத்துக்குள் படிப்படியாக நிறுத்தணும் என்று உத்தரவு. பஞ்சாப் ரிக்‌ஷா தொழிலாளர் வழக்கில் இதே நீதிமன்றம் பேசி 45 ஆண்டுகள் ஆன பிறகும் இது நடக்கிறதே என்று நீதிபதிகள் வருத்தப்பட்டார்கள்.

தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டிய விஷயங்கள் நாலு:

1. இ-ரிக்‌ஷாவை மாநில அரசே வாங்கி, இழுப்பவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்க வேண்டும். குஜராத்தின் கேவடியாவில் ஒற்றுமைச் சிலை பகுதியில் உள்ளூர்ப் பெண்களுக்கு இ-ரிக்‌ஷா கொடுத்த திட்டத்தை நீதிமன்றம் முன்மாதிரியாகக் காட்டியது.
2. உண்மையிலேயே ரிக்‌ஷா இழுப்பவர் யார், மொத்தம் எத்தனை வண்டி தேவை என்பதைக் கண்காணிப்புக் குழு முடிவு செய்யும்.
3. மீதமாகும் இ-ரிக்‌ஷாக்களை அக்கம்பக்கத்து ஆதிவாசிப் பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் தரலாம்.
4. தஸ்தூரி நாக்காவிலிருந்து சிவாஜி சிலை வரை பேவர் பிளாக் போடலாம். உள்பாதைகளிலும் மலையேற்றப் பாதைகளிலும் போடக் கூடாது. கான்கிரீட் அடித்தளமும் கூடாது.

நிதி இல்லை என்று காரணம் சொல்லக் கூடாது என்றும் நீதிமன்றம் சேர்த்துக்கொண்டது.

நாலில் மூன்றாவது விஷயத்தைப் பற்றி அதிகம் பேச்சு வரவில்லை. ஆனால் அதில்தான் கிராமங்கள் உள்ளே வருகின்றன.

மலைச்சரிவில் இருக்கும் வாடிகள்

மாத்தேரானுக்கு ட்ரெக்கிங் போனவர்களுக்குச் சில பெயர்கள் தெரிந்திருக்கும். ரயில் பாதையில் ஜும்மாபட்டி. கார்பெட் சமதளத்துக்குப் போகும் வழியில் சாகாச்சி வாடி. ஒன் ட்ரீ ஹில் பக்கம் ஏறினால் ஆம்பேவாடி. பன்வேல் பக்கம் சன்செட் பாயின்ட்டுக்குக் கீழே தோதானி. இவற்றில் பெரும்பாலும் தாக்கூர், காத்கரி ஆதிவாசிகளும் தன்கர் என்னும் மேய்ச்சல் சமூகத்தினரும் வாழ்கிறார்கள்.

காலையில் நீங்க பஜாரில் வாங்கும் கீரை, காட்டுப் பழம், ஹோட்டல் அடுப்புக்குப் போகும் விறகு, கட்டட வேலைக்கு வரும் ஆள்... பலவும் இந்த ஒற்றையடிப் பாதைகள் வழியாகத்தான் மேலே வருகின்றன. சாயங்காலம் அதே பாதையில் இறங்கிப் போவார்கள். ஊரில் வேலை, ஆனால் ஊரில் ஓட்டு கிடையாது. இவர்களுடைய உள்ளாட்சி கீழே இருக்கும் கிராமப் பஞ்சாயத்து. அதன் அலுவலகத்துக்குப் போக எதிர்த்திசையில் இறங்கணும்.

நீங்க தஸ்தூரியில் கட்டும் நுழைவுக் கட்டணம் மாத்தேரான் நகராட்சிக்குப் போகிறது. நகராட்சி அந்தப் பணத்தைத் தன் எல்லைக்குள்தான் செலவு செய்யும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, சட்டம் அப்படித்தான். ஆனால் விளைவைப் பாருங்க. சுற்றுலாவின் வருமானம் கோட்டுக்கு உள்ளே. காட்டுப் பாதுகாப்பின் கட்டுப்பாடுகள் கோட்டுக்கு வெளியே வாடிகள் வரைக்கும். வாடிக்குச் சாலை போட வேண்டுமென்றால் வன நிலம் குறுக்கே வரும், வனத்துறை அனுமதி வேண்டும். சாலை வந்து சேராத வாடிகளிலிருந்து நோயாளியைத் துணியில் தூளி கட்டிச் சுமந்து வரும் செய்தி ராய்கட் மாவட்டத்திலிருந்து மழைக்காலம்தோறும் வருகிறது.

இது வசதிக்குறைவு மட்டுமல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. மாத்தேரானிலிருந்து பார்த்தால் தெரியும் மலைகளில் ஒன்று இர்ஷால்கட். அதன் சரிவில் இருந்த தாக்கூர் ஆதிவாசிக் குடியிருப்பு இர்ஷால்வாடி. 2023 ஜூலை 19 இரவு மலை சரிந்தது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. 57 பேரைக் காணவில்லை என்ற நிலையில் தேடுதல் நிறுத்தப்பட்டது. சாலை இல்லாததால் கனரக இயந்திரங்கள் மேலே போக முடியவில்லை. மீட்புக் குழுவினர் நடந்தே ஏறி, கையால் மண்ணைத் தோண்டினார்கள்.

விக்ரோலிக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2021 ஜூலை 18 அதிகாலை மழையில் சூர்யா நகரில் வீடுகள் சரிந்து உயிர்கள் போயின. அதே நாளில் செம்பூர் பாரத் நகரில் சுவர் இடிந்து இன்னும் அதிகமானவர்கள் இறந்தார்கள். மலைச்சரிவில் வீடு கட்டுபவர்கள் ஆசைப்பட்டுக் கட்டுவதில்லை. வேறு இடம் கிடைக்காததால் கட்டுகிறார்கள்.

யார் எதை முடிவு செய்கிறார்கள்?

இதோ ஒரு சின்ன வரைபடம்:

• உள்பாதைகள், குப்பை, தெருவிளக்கு, நுழைவுக் கட்டணம்: மாத்தேரான் நகராட்சி.
• ரயில்: மத்திய ரயில்வே.
• குடிநீர்: மகாராஷ்டிர ஜீவன் பிராதிகரண். நேரல் பக்கம் உல்லாஸ் ஆற்றிலிருந்து மேலே ஏற்றுகிறார்கள். மேலே இருக்கும் சார்லட் ஏரியும் உண்டு.
• காடு: மாநில வனத்துறை.
• வாகனம், கட்டுமானக் கட்டுப்பாடு: 2003 அறிவிப்பு, கண்காணிப்புக் குழு, கடைசியில் உச்ச நீதிமன்றம்.
• சரிவில் இருக்கும் வாடிகள்: கிராமப் பஞ்சாயத்துகள், ராய்கட் ஜில்லா பரிஷத்.

பட்டியலைப் பார்த்தாலே தெரியும். ஊரின் பெரிய முடிவுகள் பலவற்றை ஊர் எடுப்பதில்லை. ஒரு தெருவில் பேவர் பிளாக் எதுவரைக்கும் போடலாம் என்பதைக்கூட டெல்லியில் தலைமை நீதிபதி சொல்ல வேண்டியிருந்தது. ஷமுவாவில் சாலை வேண்டுமா என்பதை ஊர் முடிவு செய்தது. இங்கே ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. கேட்டு முடிவு செய்ய ஒரு பொதுவான மேடையும் இல்லை.

மேடை கொஞ்ச நாள் முழுவதுமாகவே காலியாகவும் இருந்தது. இதர பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு வழக்கால் மகாராஷ்டிரம் முழுக்க உள்ளாட்சித் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்தில் அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். மும்பை மாநகராட்சிக்கே 2022 மார்ச் முதல் 2026 ஜனவரி தேர்தல் வரை கவுன்சிலர்கள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மாத்தேரான் உள்ளிட்ட நகராட்சிகளுக்கு 2025 டிசம்பர் 2 அன்று வாக்குப்பதிவு நடந்தது. கை ரிக்‌ஷா தீர்ப்பு வந்தது அதற்கு முன்பு.

நம்ம ஊரில் எப்படி?

தமிழ்நாட்டின் மலை நகராட்சிகள் மாத்தேரானைவிட எவ்வளவோ பெரியவை. 2011 கணக்கில் கொடைக்கானலில் 36,501 பேர், வால்பாறையில் 70,859 பேர், உதகமண்டலத்தில் 88,430 பேர். ஆனால் கோட்டுச் சிக்கல் அங்கேயும் உண்டு. கொடைக்கானல் என்று நாம் சுற்றிப் பார்க்கும் பூம்பாறையும் மன்னவனூரும் கொடைக்கானல் நகராட்சியில் இல்லை. அவை தனித்தனி ஊராட்சிகள். கார்கள் அங்கே வரைக்கும் போகின்றன, குப்பையும் கூடவே போகிறது. அதை அள்ளும் பொறுப்பும் செலவும் ஊராட்சியின் தலையில்.

வால்பாறை இதற்கு எதிர் உதாரணம். நகரத்தோடு தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளும் நகராட்சிக்குள்ளேயே வருகின்றன. அமைப்பில் அது இத்தாலிய கொமூனேவுக்குக் கொஞ்சம் நெருக்கம். தோட்டத் தொழிலாளிக்கு நகராட்சியில் ஓட்டு உண்டு. ஆனால் வீடும் நிலமும் பெரும்பாலும் எஸ்டேட் கையில் இருப்பதால், கோட்டுக்கு உள்ளே வந்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதற்கும் வால்பாறைதான் சாட்சி.

வாகன விஷயத்திலும் நீதிமன்றமே முன்னால் வர வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது.

அடுத்து எதைக் கவனிக்கணும்?

மூன்று விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க.

ஒன்று, இ-ரிக்‌ஷா யார் பெயரில் இருக்கிறது என்பது. 94 உரிமதாரர்களுக்கு வண்டி கிடைத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், இழுப்பது, பின்னால் தள்ளுவது வேறு ஆட்களாக இருக்கும். மூன்று பேர் செய்த வேலையை ஒரு டிரைவர் செய்தால் மீதி இருவர் எங்கே போவார்கள்? வாடிப் பெண்களுக்கு எத்தனை வண்டி கிடைத்தது?

இரண்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. மாத்தேரானின் எண் வெளியானதும் தலைப்புச் செய்திகள் 4,393 கூடியதா குறைந்ததா என்று பேசும். அதோடு நிற்காமல் கர்ஜத், கலாப்பூர், பன்வேல் தாலுகாக்களின் கிராமப் பட்டியலையும் திறந்து பாருங்க. வாடிகள் தனி வரியாக இருக்காது. தாய்க் கிராமத்தின் எண்ணுக்குள் கரைந்திருக்கும். எந்தத் திட்டமும் எண்ணைப் பார்த்துத்தான் பணம் ஒதுக்குகிறது. தனி எண் இல்லாத ஊருக்குத் தனிச் சாலை கேட்பது கஷ்டம்.

மூன்று, நுழைவுக் கட்டணம். ஒவ்வொரு சனி ஞாயிறும் நம்மைப் போன்றவர்கள் கட்டும் பணம் அது. அதில் ஒரு பங்கு சரிவில் இருக்கும் வாடிகளின் பாதைக்கும் மழைக்கால எச்சரிக்கைக்கும் போகலாமா என்பது நகராட்சியும் ஜில்லா பரிஷத்தும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். ஆல்ப்ஸ் மலையில் கூட்டமைப்பு என்ற ஏற்பாடு இந்த மாதிரிப் பகிர்வுக்காகத்தான் இருக்கிறது. இங்கே அப்படிப் பேச யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அடுத்த முறை மாத்தேரான் போறீங்கன்னா, தஸ்தூரியில் கட்டிய ரசீதைப் பத்திரமா வைங்க. யார் பெயரில் வசூலானது என்று அதில் இருக்கும். இ-ரிக்‌ஷாவில் ஏறினால் வண்டி யாருடையது, எந்த ஊர் என்று டிரைவரிடம் பேச்சுக் கொடுங்க. தீர்ப்பு எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பது அந்த ரெண்டு பதில்களில் தெரிந்துவிடும்.